சாக்லேட் ஏறாத கடைசிப் படி

திருவனந்தபுரம் தம்பானூரில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், செங்கல்லால் ஆன ஒரு கட்டடம் சுருண்டு சுருண்டு மேலேறுகிறது. லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே தளம் தளமாக மாடிகள் கிடையாது. ஒரே சரிவுப் பாதைதான் சுழன்றுகொண்டே உயர்கிறது. அதன் ஓரத்திலேயே மேசைகள். விசிறி வைத்த தலைப்பாகையோடு பணியாளர்கள் காபித் தட்டை ஏந்தி ஏறி இறங்குகிறார்கள். காபி வாரியம் தன் கடைகளை மூடியபோது, அந்தத் தொழிலாளர்களை ஏ.கே. கோபாலன் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டினார். 1950களின் இறுதியில் அப்படிப் பிறந்த கடைகளின் வழியில் வந்தது இது.

வெளியே வந்தால் தட்டுக்கடையில் கட்டன் சாயா. அதற்கடுத்த கடையில் கோலாவும் சாக்லேட்டும். காபி, தேநீர், கோலா, சாக்லேட் ஆகிய நான்குக்குள்ளும் ஒரே மூலக்கூறு ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் காஃபீன். செடிகள் தயாரிக்கும், நைட்ரஜன் கலந்த, நாக்கில் கசக்கும், உடலில் வேலை காட்டும் சேர்மங்களுக்கு ஆல்கலாய்டு என்று பெயர். காஃபீன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. எதில் அது அதிகம் என்று கேட்டால் காபி என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். சாக்லேட்டில் எவ்வளவு என்ற கேள்விதான் சுவையானது. அதற்குப் பதில் தேடிப் போனால் மரம், வண்டு, தேனீ, கல்லீரல் என்று வழி நீள்கிறது.

முதலில் எண்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, 150 மில்லி டிகாஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது. இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65. ஒரு கோப்பைத் தேநீரில் 30 முதல் 65. கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10 மில்லிகிராம். 250 மில்லி புட்டி ஒன்றைக் காலி செய்தால் 25. இந்தியாவில் விற்கும் ஆற்றல் பானங்களில் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் கூடாது என்பது விதி. அதனால் 250 மில்லி டப்பா ஒன்றில் அதிகபட்சம் 75. பளபளக்கும் டப்பாவை விட, டவராவில் நுரைக்கும் காபி வலியது.

சாக்லேட்டுக்கு வருவோம். 100 கிராம் பால் சாக்லேட்டில் சுமார் 20 மில்லிகிராம். குழந்தைகள் வாங்கும் பத்து கிராம் சாக்லேட்டில் வெறும் 2. ஒரு கோப்பைக் காபியின் 100 மில்லிகிராமை எட்ட வேண்டுமானால் அரை கிலோ பால் சாக்லேட் தின்றாக வேண்டும். எழுபது சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள கறுப்புச் சாக்லேட்டில் நிலைமை வேறு. அதில் 100 கிராமுக்கு 80 மில்லிகிராம் வரை இருக்கும். ஆனால் அந்தக் கசப்பில் 100 கிராமை ஒரே மூச்சில் முடிப்பவர்கள் குறைவு. வழக்கமாகக் கடிக்கும் இரண்டு துண்டு 20 கிராம் என்றால் 16 மில்லிகிராம். அரைக் கோப்பைத் தேநீர் அளவு.

வெள்ளைச் சாக்லேட்டில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. காரணம் கோகோ விதையின் அமைப்பில் இருக்கிறது. விதையின் எடையில் பாதி கொழுப்பு. விதையை வறுத்து அரைத்து அழுத்தினால் கொழுப்பு தனியே வழிந்துவிடும். அதுதான் கோகோ வெண்ணெய். ஆல்கலாய்டுகள் கொழுப்போடு போகாமல் பழுப்பு நிறச் சக்கையிலேயே தங்கிவிடுகின்றன. அந்தச் சக்கையைப் பொடித்தால் கோகோத் தூள். அதில் 100 கிராமுக்கு 230 மில்லிகிராம் காஃபீன். வெள்ளைச் சாக்லேட்டில் சேர்வது வெண்ணெய், பால், சர்க்கரை மட்டும். ஆக, சாக்லேட்டின் காஃபீன் அளவை அதன் நிறத்தைப் பார்த்தே குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம்.

இந்தக் கோகோ நமக்குத் தொலைதூர மரம் இல்லை. கேரளத்தில் தென்னைக்கும் பாக்குக்கும் நடுவே ஊடுபயிராக நிற்கிறது, இடுக்கியில் ஏராளம். தமிழ்நாட்டில் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் அதன் நிழலைப் பார்க்கலாம். திருச்சூருக்கு அருகே வெள்ளானிக்கரையில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாக அதை ஆராய்ந்து புதிய ரகங்களை வெளியிட்டிருக்கிறது. கேரள, கர்நாடகப் பாக்கு விவசாயிகள் 1973இல் தொடங்கிய கேம்ப்கோ கூட்டுறவு, 1986இல் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையே கட்டியது. மரமும் விசித்திரமானது. பூக்கள் கிளை நுனியைத் தேடாமல் அடிமரத்திலேயே பூக்கும். காய்களும் அங்கேயே தொங்கும். அதற்குச் சொந்தக்காரர்கள் யார் தெரியுமா? வெண்டை, பருத்தி, செம்பருத்தி. எல்லாம் ஒரே குடும்பம்.

அப்படியானால் கோகோ மரம் காஃபீன் செய்யத் தெரியாத மரமா? இல்லை. அதே கறுப்புச் சாக்லேட்டை ஆய்வகத்தில் வேறொரு பொருளுக்காகச் சோதித்தால், 100 கிராமில் 800 மில்லிகிராம் கிடைக்கும். காஃபீனைப் போலப் பத்து மடங்கு! அதன் பெயர் தியோபுரோமின். 1841இல் ரஷ்ய வேதியியலாளர் அலெக்சாண்டர் வஸ்கிரெசென்ஸ்கி கோகோ விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். காஃபீனுக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். காஃபீன் மூலக்கூறில் 24 அணுக்கள், தியோபுரோமினில் 21. ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன். இவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மூன்று அணுக்கள் எப்படிக் கூடுகின்றன என்பதில்தான் கதையே இருக்கிறது. செடி காஃபீனை ஒரே வீச்சில் செய்வதில்லை. சாந்தோசின் என்ற, எல்லா உயிரணுக்களிலும் புழங்கும் பொருளை எடுத்துக்கொள்கிறது. அதன்மேல் மெத்தில் தொகுதி எனப்படும், ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கொத்தை ஒவ்வொன்றாக ஒட்டுகிறது. ஒட்டும் வேலையைச் செய்பவை நொதிகள். உயிரணுவுக்குள் வேதிவினைகளை முடுக்கிவிடும் புரதங்கள் அவை. இரண்டாவது கொத்து ஒட்டியதும் கிடைப்பது தியோபுரோமின். அங்கிருக்கும் ஒரு ஹைட்ரஜனின் இடத்தில் மூன்றாவது ஒட்டினால் காஃபீன். காபிச் செடியும் தேயிலைச் செடியும் மூன்றாம் படிக்கு விறுவிறுவென்று ஏறிவிடுகின்றன. கோகோ மரம் பெரும்பாலும் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுகிறது. எஞ்சிய சிறு பங்கு மட்டுமே மேலே ஏறிக் காஃபீனாகிறது.

தேயிலையிலும் இப்படி நின்றுவிடும் இனம் ஒன்று உண்டு. தென்சீனத்தில் வளரும் அந்தச் செடியின் இலையில் காஃபீன் இருக்க வேண்டிய இடத்தில் தியோபுரோமின்தான் மிகுந்திருக்கிறது. பார்க்கத் தேயிலை, வேதியியலில் கோகோ.

காபி, தேயிலை, கோகோ மூன்றும் காஃபீன் செய்யும் வித்தையை ஒரே முன்னோரிடமிருந்து பெற்றிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். 2014இல் ரொபஸ்டா காபியின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது அந்த எண்ணம் உடைந்தது. காபியில் இந்த வேலையைச் செய்யும் மரபணுக்கள், தேயிலை, கோகோ ஆகியவற்றின் மரபணுக்களோடு தொடர்பில்லாமல் தனியாகப் பெருகி உருவானவை. ஆப்பிரிக்கக் காட்டில் ஒரு செடியும், ஆசிய மலையில் ஒரு செடியும், அமேசான் பகுதியில் ஒரு மரமும், ஒன்றை ஒன்று அறியாமல் ஒரே மருந்தைக் கண்டுபிடித்திருக்கின்றன.

எதற்காக? நம்மை விழித்திருக்க வைக்க அல்ல. காஃபீன் பூச்சிகளுக்கு நஞ்சு. தேயிலைச் செடியில் அது அதிகம் இருப்பது முற்றிய இலையில் அல்ல, கொழுந்தில். புழுவுக்கு மிகவும் பிடித்த, மென்மையான பகுதி எதுவோ அங்கேதான் காவலும் கூடுதல். திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே பொன்முடி மலைச்சரிவுகளில் பறிக்கப்படும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் செடியின் ஆயுதக் கிடங்கு.

ஆயுதம் இருந்தால் அதை முறியடிக்கவும் ஒருவர் வருவார். காபித் தோட்டக்காரர்கள் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் காய்த்துளைப்பான் வண்டு, இந்தியாவில் 1990இல் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் முதலில் தென்பட்டது. எள்ளளவே இருக்கும் அந்த வண்டு காபி விதைக்குள்ளேயே பிறந்து, அதையே தின்று வளர்கிறது. சுற்றிலும் நஞ்சு, அதற்கு எதுவும் ஆவதில்லை. அதன் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் காஃபீனைச் சிதைத்துவிடுகின்றன என்று 2015இல் தெரியவந்தது. ஆய்வாளர்கள் வண்டுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பாக்டீரியாக்கள் அழிந்தன, வண்டு தின்ற காஃபீன் சிதையாமல் அப்படியே வெளியே வந்தது.

பகைவருக்கு நஞ்சாக இருப்பது நண்பருக்கு விருந்தாகவும் ஆகிறது. காபிப் பூவின் தேனிலும், ஆரஞ்சு, எலுமிச்சை இனப் பூக்களின் தேனிலும் மிக நுண்ணிய அளவில் காஃபீன் உண்டு. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், தேனீக்களுக்கு ஒரு மணத்தைக் காட்டிச் சர்க்கரைப் பாகு கொடுத்துப் பழக்கினார்கள். பாகில் காஃபீன் கலந்திருந்தால், ஒரு நாள் கழித்தும் அந்த மணத்தை நினைவில் வைத்திருந்த தேனீக்கள் மூன்று மடங்கு. இலையில் விரட்டும் அதே பொருள், பூவில் வாடிக்கையாளரைத் திரும்ப வரவழைக்கிறது.

இனி அடுப்படிக்கு வருவோம். இங்கே ஒரு புதிர். காய்ந்த தேயிலையில் எடைக்கு எடை 2 முதல் 4 சதவீதம் காஃபீன். அராபிகா காபிக்கொட்டையில் சுமார் 1.2, ரொபஸ்டாவில் 2.2. கிராமுக்குக் கிராம் பார்த்தால் தேயிலையே முந்துகிறது. பிறகு கோப்பையில் மட்டும் ஏன் காபி ஜெயிக்கிறது? நாம் போடும் அளவால். ஒரு கோப்பைத் தேநீருக்கு இரண்டு கிராம் தூள் போதும். 3 சதவீதம் என்று வைத்தால் 60 மில்லிகிராம். ஒரு கோப்பை டிகாஷனுக்குப் பத்து கிராம் பொடி. அராபிகா என்றால் 120 மில்லிகிராம், ரொபஸ்டா என்றால் 220 பொடிக்குள் காத்திருக்கிறது.

கேரளத்தின் காபித் தோட்டங்களில், குறிப்பாக வயநாட்டில், பெரும்பாலும் விளைவது ரொபஸ்டா. அந்த 220 முழுதாக நம் தொண்டைக்குள் இறங்காமல் தடுப்பது சிக்கரி. வேரை வறுத்து அரைத்த அந்தப் பொடியில் காஃபீன் துளியும் இல்லை. பத்து கிராமில் நான்கு கிராம் சிக்கரி என்றால் காஃபீன் 132ஆக இறங்கிவிடும். டிகாஷன் கறுப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும், வீரியம் குறைந்திருக்கும். கறுத்த டிகாஷன் என்றால் கடும் காபி என்ற கணக்கு இங்கே தப்புகிறது.

தட்டுக்கடைத் தேநீரோ நேர்மாறு. பார்வைக்கு இளம் செம்பழுப்பு. ஆனால் கேரளத்துக்காரர்களுக்குப் பிடித்தது டஸ்ட் எனப்படும் பொடித் தேயிலை. துகள் சிறுத்தால் தண்ணீர் படும் பரப்பு கூடும்; கொதிநீர் உள்ளே இருப்பதை விரைவாக வெளியே இழுத்துவிடும். காஃபீன் தண்ணீருக்கு எளிதில் இணங்கும் பொருள்: அறை வெப்பத்தில் ஒரு லிட்டரில் சுமார் 20 கிராம் கரையும், கொதிநீரில் அதைப் போல முப்பது மடங்குக்கு மேல். தியோபுரோமின் அவ்வளவு இணங்காது. அறை வெப்பத்தில் லிட்டருக்கு மூன்றில் ஒரு கிராம்தான். ஒரு மெத்தில் கொத்து கரைதிறனை அறுபது மடங்கு மாற்றிவிடுகிறது.

உடலுக்குள்ளும் அந்தக் கொத்தின் வேலை தொடர்கிறது. நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. நரம்பணுக்களின் மேல் அதற்கென்று ஏற்பிகள் உள்ளன. குறிப்பிட்ட மூலக்கூறு வந்து பொருந்துவதற்கான இடங்கள் அவை. அடினோசின் அங்கே அமர அமர, சோர்வும் தூக்கமும் வரும். காஃபீனின் வடிவம் அடினோசினை ஒத்தது. அது முந்திக்கொண்டு போய் ஏற்பியில் உட்கார்ந்துவிடும். ஆனால் தூக்கச் செய்தியைச் சொல்லாது. தம்பானூரில் பேருந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதேதான். துண்டு பயணம் செய்வதில்லை. ஆனால் அது கிடக்கும்வரை வேறு யாரும் உட்கார முடியாது. அடினோசின் நின்றுகொண்டே காத்திருக்கிறது. காஃபீன் விலகியதும் ஒரேயடியாக வந்து அமர்கிறது. காபியின் தெம்பு வடிந்தபின் வரும் தளர்ச்சிக்கு இது ஒரு காரணம்.

தியோபுரோமினும் இதே இடத்துக்கு முயலும். ஆனால் அதன் பிடி மிகவும் தளர்ந்தது. மூளைக்குள் காஃபீனைப் போல எளிதாக நுழைவதும் இல்லை. அதனால்தான் அவ்வளவு தியோபுரோமின் இருந்தும் சாக்லேட் நம்மைக் காபி போல உலுக்குவதில்லை. மூச்சுக்குழலைச் சற்றுத் தளர்த்தும், சிறுநீரைக் கொஞ்சம் கூட்டும், இதயத்தை மெல்லத் தூண்டும். மூளையிடம் அதற்குச் செல்வாக்குக் குறைவு.

இப்போது உச்சக்கட்ட வியப்பு. காபிச் செடி படிப்படியாக ஏறிச் செய்ததை, நம் கல்லீரல் படிப்படியாக இறக்குகிறது. அது காஃபீனிலிருந்து ஒரு மெத்தில் கொத்தை வெட்டி எடுக்கும். எந்தக் கொத்து வெட்டுப்படுகிறது என்பதைப் பொறுத்து மூன்று பொருள்கள் கிடைக்கும். நூறில் 84 பங்கு பாராசாந்தின். அதுவும் காஃபீனைப் போலத் தூண்டக்கூடியது. 4 பங்கு தியோபிலின்; ஆஸ்துமாவுக்கு மருந்தாகத் தரப்படுவது. மிச்சம் 12 பங்கு? தியோபுரோமின்! 100 மில்லிகிராம் காஃபீன் உள்ள காபியைக் குடித்தால், ஐந்து கிராம் பால் சாக்லேட்டில் இருக்கும் அளவுத் தியோபுரோமினை உடலே தயாரித்துவிடுகிறது. சாக்லேட்டைத் தொடாதவரின் ரத்தத்திலும் சாக்லேட்டின் மூலக்கூறு ஓடுகிறது.

நாய்க்கு இந்த வசதி இல்லை. தியோபுரோமினை அதன் உடல் மிக மெதுவாகவே அகற்றும்; உள்ளே போனதில் பாதி வெளியேறவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே வாந்தி, படபடப்பு தொடங்கும். பத்துக் கிலோ நாய்க்கு 25 கிராம் கறுப்புச் சாக்லேட் அந்த அளவை எட்டிவிடும்; அதற்கு மூன்று மடங்கு போனால் வலிப்பு வரலாம். நமக்குத் தின்பண்டம், வாசலில் வாலாட்டுவதற்கு நஞ்சு.

மனிதருக்குள்ளேயே கல்லீரலின் வேகம் ஒரே சீராக இல்லை. உடலுக்குள் போன ஒரு பொருளில் பாதி கழிய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். பெரியவர்களுக்குக் காஃபீனின் அரை ஆயுள் சராசரியாக ஐந்து மணி நேரம். புகைபிடிப்பவர்களுக்கு ஏறக்குறைய அதில் பாதி. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் 15 மணி நேரம் வரை நீளும். கர்ப்பிணிகள் காபியைக் குறைக்க வேண்டும் என்பதற்கு இது முக்கியக் காரணம். பிறந்த குழந்தைக்கு நாட்கணக்கு. அந்த மெதுவேகத்தையே மருத்துவம் பயன்படுத்திக்கொள்கிறது. குறைமாதத்தில் பிறந்து மூச்சுவிட மறந்துபோகும் சிசுக்களுக்கு, மூச்சைத் தூண்டும் மருந்தாகக் கொடுக்கப்படுவது காஃபீன்தான்.

வளர்ந்த குழந்தைகளுக்கு? உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம்வரை கவலையில்லை என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம். பத்து கிராம் பால் சாக்லேட் அதில் முப்பதில் ஒரு பங்கு. பாட்டியின் தம்ளரிலிருந்து பேத்தி குடிக்கும் தேநீரோ, முழுத் தம்ளரானால், மொத்த அளவையும் ஒரே தடவையில் தீர்த்துவிடலாம். சாக்லேட்டைப் பிடுங்கி வைப்பதற்குப் பல்லும் சர்க்கரையும் போதுமான காரணங்கள். காஃபீனைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு நம் நாட்டு உணவு வழிகாட்டி சொல்லும் எல்லை நாளொன்றுக்கு 300 மில்லிகிராம். காலையில் ஒரு காபி, பதினொரு மணிக்கு ஒரு சாயா, மாலை நான்கு மணிக்கு இன்னொரு காபி என்று போனால் 250 வந்துவிடும். அதிலும் அந்த நான்கு மணிக் காபியைத் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். அதன் 100 மில்லிகிராம், இரவு ஒன்பதுக்கு 50. அதிகாலை இரண்டுக்கு 25. நூறு கிராம் பால் சாக்லேட் கட்டி ஒன்றில் மொத்தமாக இருப்பதே 20தான். படுக்கும் முன் ஒரு துண்டுச் சாக்லேட் தின்றதால்தான் தூக்கம் வரவில்லை என்று முடிவுகட்டும் முன், மாலையில் என்ன குடித்தோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.